அரியலூரின் கவச விலங்கு

(கோப்பாயில், எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



சமயச் சொற்பொழிவும் இலக்கியச் சொற்பொழிவும் கேட்டுப் பழகிய இம்மேடையிலே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மாண்டுபோன ஒரு விலங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்த விலங்கின் கதை எலும்பின் கதை மாத்திரமன்று. உண்மையை எப்படித் தேடுவது, தேடிக் கண்டதை எப்படிக் காப்பாற்றுவது என்பதன் கதையுமாகும். இளைஞர் சங்கத்திலே பேசுதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு உண்டோ என்று நான் அறியேன்.

கடலுக்கு அக்கரையிலே, தமிழ்நாட்டில், அரியலூர் என்றோர் ஊர் உண்டு. நேர்கோட்டிலே அளந்து பார்த்தால் கோப்பாயிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆகவே நான் தூரதேசத்துக் கதை சொல்ல வரவில்லை. அடுத்த வீட்டுக் கதையே சொல்ல வந்தேன். அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, 1979ஆம் ஆண்டிலே ஒரு புதிய டைனோசோருக்குப் பெயர் சூட்டினார்கள். திராவிடோசோரஸ் என்பது அப்பெயர். தாவரம் தின்று, முதுகிலே எலும்புத் தகடுகளைத் தாங்கி உலாவிய கவச விலங்கு அது என்றார்கள். பின்னர் வேறு அறிஞர், அது டைனோசோரே அன்று என்றார்கள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்த வழக்கையே உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலிலே கவச விலங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். கவசம் என்றவுடன் நமக்குக் கன்னன் நினைவு வரும். போருக்குப் போகும்போது மற்றவர்கள் கவசத்தை எடுத்து அணிந்தார்கள். கன்னனோ கவசத்தோடு பிறந்தவன். டைனோசோர்களிலும் அவ்வாறு உடலோடு ஒட்டிய கவசம் உடைய ஒரு பெருங்குடும்பம் இருந்தது. அக்குடும்பத்தில் இரண்டு கிளைகள். ஒன்று ஸ்ரெகோசோர்க் கிளை. இவற்றின் முதுகு நெடுகத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும். வாலிலே ஈட்டி போன்ற முட்கள் இருக்கும். மற்றது அங்கிலோசோர்க் கிளை. இவற்றின் முதுகிலே எலும்புக் கட்டிகள் பலாப்பழத்து முள்ளைப்போல் நெருங்கிப் பரந்திருக்கும். இரு கிளையும் நான்கு காலால் நடப்பன. தலை சிறிது, வயிறு பெரிது. தாழ்ந்து வளர்ந்த செடி கொடிகளை மேய்வன. எவரையும் துரத்திப் பிடிக்கும் வேகம் அவற்றுக்கு இல்லை. வேகம் இல்லாதவனுக்குத் தோல் தடிப்பாக இருப்பதே பாதுகாப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இக்கவசத் தகடுகள் கை கால் எலும்புகளைப்போல் எலும்புக்கூட்டோடு பொருத்தப்பட்டவை அல்ல. தோலுக்குள்ளே வளர்ந்த தனி எலும்புகள். முதலையின் முதுகிலும் இத்தகைய தகடுகள் உண்டு. விலங்கு இறந்து தோல் அழுகியவுடன் தகடுகள் கழன்று சிதறிவிடும். பின்பு வெள்ளம் அவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே ஒரு தகட்டைக் கண்டெடுத்தவன், இது எந்த விலங்கின் முதுகிலே இருந்தது என்று சொல்வது எளிதன்று. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி அரியலூருக்குப் போவோம். இன்று அது வறண்ட நிலம். சிமெந்துத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இடம். ஆனால் ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்காலத்தைக் கிரிற்றேசியஸ் காலம் என்பர். அக்கடலின் அடியிலே சேறும் மணலும் சிப்பியும் சங்கும் படிந்து படிந்து பாறையாயின. பாறைக்குள்ளே அகப்பட்டுக் கல்லாய்ப்போன ஓடு, எலும்பு, மரம் ஆகியவற்றையே உயிர்ச்சுவடு என்கிறோம். 1840களிலே கே, கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் அவ்வூர்ச் சுவடுகளைச் சேகரித்தார்கள். இலண்டனில் போர்ப்ஸ் என்பவர் 1846இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்பு இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த பிளான்போர்ட் அந்நிலம் முழுவதையும் நடந்து அளந்து, பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து 1862இல் நூல் வெளியிட்டார். அந்த வகுப்பே இன்றைக்கும் அடிப்படை.

அந்தப் பிளான்போர்டின் பெயரையும் சேர்த்துத்தான் 1979இல் அவ்விலங்குக்குத் திராவிடோசோரஸ் பிளான்போர்டி என்று பெயரிட்டனர். பெயரிட்டவர்கள் அதே திணைக்களத்தைச் சேர்ந்த யாதகிரி, ஐயாசாமி என்னும் இருவர். நடுவிலுள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறைகளிலே அவர்களுக்கு ஒரு மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், சில தகடுகள், ஒரு முள் என்பன கிடைத்தன. இவை ஸ்ரெகோசோர் ஒன்றின் எச்சங்கள் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இச்செய்தி ஏன் உலகத்து அறிஞரை நிமிர்ந்து உட்காரச் செய்தது? ஸ்ரெகோசோர்கள் பெருகி வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அமெரிக்காவிலே மார்ஷ் என்பவர் 1877இல் பெயரிட்ட ஸ்ரெகோசோரஸ் அக்காலத்தது. கிழக்காபிரிக்காவில், இன்றைய தன்சானியாவில், தெண்டகுரு என்னும் இடத்திலே ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்து, ஹெனிக் என்பவர் 1915இல் பெயரிட்ட கென்றோசோரஸ் என்பதும் அக்காலத்ததே. அதன்பின் அவ்வினம் அருகிப் போயிற்று. மற்ற நாடுகளிலெல்லாம் மறைந்துபோன ஓர் இனம், அரியலூர்ப் பக்கத்திலே மாத்திரம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னும் உயிரோடு இருந்ததென்றால் அது சாதாரண செய்தியா?

அப்படி இருந்திருக்கவும் கூடும் என்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. முன்னொரு காலத்தில் ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. அது பிளந்து பிளந்து பிரிந்தது. நான் சொல்லும் காலத்திலே இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலத்துண்டம் மடகஸ்காரை விட்டுப் பிரிந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கிய தறுவாய். தனித்துப்போன நிலத்திலே பழைய இனங்கள் பிழைத்திருப்பது இயற்கை. ஆகவே 1979ஆம் ஆண்டின் செய்தியைப் பலரும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள்.

ஆனால் எல்லோரும் ஏற்றுவிடவில்லை. சங்கர் சட்டர்ஜி என்னும் புகழ்பெற்ற இந்திய அறிஞர் அமெரிக்காவிலே பேராசிரியராக இருந்தவர். அவரும் ருத்ரா என்பவரும் 1996இல் எழுதிய கட்டுரையிலே, திராவிடோசோரஸின் எலும்புகள் மிகவும் தேய்ந்து சிதைந்தவை என்றும், அவை பிளீசியோசோர் என்னும் கடல் ஊர்வனவற்றுக்கு உரியவை என்றும் கூறினார்கள். பிளீசியோசோர் டைனோசோர் அன்று. துடுப்புப் போன்ற நான்கு கால்களால் கடலிலே நீந்தி மீன் தின்ற விலங்கு அது. தாவரம் தின்று தரையிலே நடந்த கவச விலங்கு எங்கே, கடலில் நீந்தி மீன் தின்ற விலங்கு எங்கே!

அவர்கள் பக்கத்திலே வலுவான ஒரு காரணம் இருந்தது. எலும்பு கிடைத்த பாறை கடற்பாறை. கடற்பாறையிலே கடல் விலங்கின் எலும்பு இருப்பதுதான் இயல்பு. தரை விலங்கு அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் விடை சொல்லவேண்டிய பொறுப்பு, அது தரை விலங்கு என்று சொல்பவருடையது.

மறுபக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. கவச டைனோசோர்களை ஆராய்வதிலே முதுபெரும் அறிஞராகிய கோல்ற்றனும் அப்சேர்ச் என்பவரும் 2004இல் வெளிவந்த ஒரு பெருநூலிலே இதைப்பற்றி எழுதினார்கள். மண்டையோட்டையும் தகட்டையும் கடல் விலங்குக்கு உரியன என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் மீண்டும் நேரிலே பார்த்து விரிவாக எழுதவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

தரை விலங்கு கடலுக்குள் வந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லாமலும் இல்லை. அரியலூருக்கு அண்மையில் சாத்தனூர் என்னும் ஊரிலே, அதே கடற்படிவுகளின் நடுவே, 18 மீற்றர் நீளமான மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. அதை 1940இல் உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழ் அறிஞர். மரம் கடலிலே முளைப்பதில்லை. ஆற்று வெள்ளம் அதை அடித்துக்கொண்டு வந்து கடலிலே சேர்த்தது. மரம் வந்த வழியே விலங்கின் உடலும் வரலாம் அன்றோ?

அப்படி வந்ததற்கு நேரான சான்றும் உலகத்திலே உண்டு. கனடாவிலே, அல்பேட்டா மாகாணத்தில், எண்ணெய் மணல் அகழும் சுரங்கமொன்று. 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் தேதி, சோன் பங்க் என்னும் இயந்திர ஓட்டி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். வாளியிலே அகப்பட்ட கல்லின் நிறமும் அமைப்பும் வேறாக இருந்தன. கல்லுத்தானே என்று அவர் அள்ளி எறியவில்லை. இயந்திரத்தை நிறுத்தி மேலாளரிடம் அறிவித்தார். அரும்பொருட்சாலையிலிருந்து அறிஞர் வந்தனர். வந்து பார்த்தால், 11 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அங்கிலோசோர் ஒன்று, கவசமும் தோலுமாக, உறங்குகின்ற விலங்கைப்போலக் கிடக்கிறது! கடல் விலங்குகளின் சுவடே கிடைக்கும் அப்பாறையிலே தரை விலங்கு. இறந்த உடல் ஆற்றோடு கடலுக்கு வந்து, மிதந்து, மல்லாந்தபடி அடியிலே ஆழ்ந்து சேற்றிலே புதைந்தது என்று கண்டார்கள்.

அதைத் தூக்கும்போது கல் தன் பாரத்தாலேயே உடைந்துபோயிற்று. அவர்கள் மனம் தளரவில்லை. துண்டுகளுக்குச் சாந்துக் கட்டுப் போட்டு எடுத்துச் சென்றனர். மார்க் மிச்செல் என்னும் கைவினைஞர் ஏறத்தாழ 7,000 மணிநேரம் இருந்து, எலும்பைச் சுற்றியிருந்த கல்லைச் சிறிது சிறிதாகச் செதுக்கி நீக்கினார். 2017இல் அவ்விலங்குக்குப் பொரியலோபெல்ற்றா மார்க்மிச்செலி என்று பெயரிட்டபோது, செதுக்கியவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 5½ மீற்றர் நீளமும் ஏறத்தாழ 1,300 கிலோகிராம் நிறையும் உடையதாக அது வாழ்ந்திருக்கும் என்று கணக்கிட்டனர். 2020இல் அதன் வயிற்றிலிருந்த கடைசி உணவையும் ஆராய்ந்தார்கள். பெரும்பகுதியும் பன்னத் தாவரத்தின் இலை, இடையிடையே கரித்துணிக்கை. காட்டுத் தீக்குப் பிறகு புதிதாகத் துளிர்த்த இடத்திலே அது மேய்ந்திருக்கவேண்டும் என்கிறார்கள். ஒரு தொழிலாளியின் கண்ணும், ஒரு கைவினைஞரின் பொறுமையும் சேர்ந்தபடியால், 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விலங்கு கடைசியாக என்ன தின்றது என்பதை நாம் இன்று அறிகிறோம்.

ஆகவே அரியலூர் விலங்கு கடற்பாறையிலே கிடைத்தது என்பதால் மாத்திரம் அது கவச டைனோசோர் அன்று என்று ஆகிவிடாது. அதுபோலவே, இருந்திருக்கலாம் என்பதால் இருந்தது என்றும் ஆகிவிடாது. தீர்ப்புச் சொல்லவேண்டியது எலும்புதான்.

இதற்கு முன்னும் இந்தியாவிலே இப்படியொரு வழக்கு நடந்தது. மத்திய இந்தியாவிலே ஜபல்பூர் என்னும் நகரத்து மலையிலே கிடைத்த எலும்புகளையும் தகடுகளையும் கொண்டு, மாத்லி என்னும் ஆங்கிலேயர் 1923இல் லாமெற்றாசோரஸ் என்னும் கவச டைனோசோர் ஒன்றை அறிவித்தார். 1935இல் சக்கரவர்த்தி என்னும் இந்திய அறிஞர், இது கவச டைனோசோர்தானா என்று கேள்வி எழுப்பினார். பின்பு வந்த அறிஞர்கள் ஆராய்ந்தபோது, கால் எலும்பும் பல்லும் இறைச்சி தின்னும் விலங்கினுடையன என்றும், தகடுகள் வேறு விலங்கினுடையன என்றும் பிரித்தார்கள். நம்மூரிலே பொதுக் கிணறொன்றைக் கலக்கி இறைக்கும்போது ஒரு வீட்டுச் செம்பும், இன்னொரு வீட்டு வாளியும், வேறொருவர் தவறவிட்ட திறப்பும் ஒருமிக்க வெளிவருகின்றன. எல்லாம் ஒரே கிணற்றிலே கிடந்தன என்பதற்காக எல்லாம் ஒரே வீட்டுப் பொருள் என்று சொல்வோமா? பாறைக்கும் அதுவே நியாயம்.

இதனால் இந்தியாவிலே கவச டைனோசோரே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கோதாவரிப் பள்ளத்தாக்கிலே கோட்டா என வழங்கும் மிகப் பழைய பாறைகளில் கிடைத்த கவசத் தகடுகளை, முன்னே சொன்ன கோல்ற்றன் 2019இல் ஆராய்ந்து, அவை அங்கிலோசோர்க் கிளையின் மிகப் பழைய சான்று என்று எழுதினார். அப்படி எழுத முடிந்தது ஏன்? தகடுகள் பத்திரமாக இருந்தன, பார்க்க முடிந்தது, ஆகவே எழுத முடிந்தது.

பத்திரமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கசப்பான கதையும் அரியலூரிலேயே இருக்கிறது. கல்லமேடு என்னும் ஊருக்கு அருகே, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறையிலே, அதே யாதகிரியும் ஐயாசாமியும் மாபெரும் எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலின் கீழெலும்பு ஒன்று மாத்திரம் 2 மீற்றர் நீளம். உயரமான மனிதனையும் விஞ்சிய ஓர் எலும்பு! 1980களின் இறுதியிலே அதற்குப் பிருகத்காயோசோரஸ், அதாவது பேருடல் கொண்ட ஊர்வன, என்று பெயரிட்டார்கள். அந்த அளவு சரியாயின் உலகத்திலே வாழ்ந்த தரை விலங்குகளிலே மிகப் பெரியவற்றுள் ஒன்று அதுவாகும். ஆனால் அவ்வெலும்புகள் பொருபொருத்தவை. மழையும் ஈரமும் ஊறியவை. அவை நிலைக்கவில்லை. உதிர்ந்து மண்ணாய்ப் போயின. இச்செய்தி 2017இல் வெளிவந்தது. இன்று எஞ்சியிருப்பன சில வரைபடங்களும், 2022இல் வெளியிடப்பட்ட சில நிழற்படங்களுமே. அது எலும்பே அன்று, கல்லாய்ப்போன மரம் என்று சொல்பவருக்கு, இதோ பார் என்று எடுத்துக்காட்ட ஒரு துண்டும் இல்லை. உலகத்திலே மிகப் பெரிய விலங்கின் எலும்பைக் கண்டெடுத்தும், கையிலே பிடி மண்ணும் இல்லாத நிலை!

ஜபல்பூரின் மற்றொரு கதையைக் கேளுங்கள். 1828இலே சிலீமன் என்னும் படைத்தலைவர் அங்கே சில எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர் என்னும் வழிப்பறிக் கூட்டத்தாரை அடக்கியவர் என்று சரித்திரத்திலே பேர் பெற்றவர் அவரே. அவ்வெலும்புகளே இந்தியாவில் முதன்முதல் கிடைத்த டைனோசோர் எலும்புகள். அவை எங்கே போயின என்று நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2012இலே கல்கத்தாவில் திணைக்களத்தின் சேமிப்பிலே தேடியபோது அவற்றுள் ஒரு வாலெலும்பு அகப்பட்டது. 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்! எவனோ ஒரு பழைய எழுதுவினைஞன் எண் இட்டு, பெட்டியிலே வைத்து, பதிவு எழுதியபடியால் அது பிழைத்தது. கண்டெடுத்தவன் பெயர் சரித்திரத்திலே நிற்கிறது. எண் இட்டு வைத்தவன் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும் இருவரும் சமமான தொண்டு செய்தவர் என்றே நான் சொல்வேன்.

இளைஞர்களே, இனிச் சொல்லப்போவது சிறிது கவனமாகக் கேட்கவேண்டியது. திராவிடோசோரஸ் என்னும் பெயரைக் கேட்டவுடன் நமக்கு உள்ளத்திலே ஒரு பெருமிதம் எழும். நம் இனத்தின் பெயர் கொண்ட டைனோசோர் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. அது கவச டைனோசோர் அன்று என்று ஒருவர் சொன்னால், நம்மைக் குறைத்துப் பேசிவிட்டார் என்று கோபமும் வருவதுண்டு. இது தகாது. அப்பெயர் நிலத்தைக் குறித்து இட்ட பெயர். அந்த விலங்கு வாழ்ந்த காலத்திலே மனிதனே இல்லை. மனிதன் இல்லாத காலத்திலே மொழி ஏது, இனம் ஏது? நம் மொழியின் பெருமை ஒரு விலங்கின் முதுகுத் தகட்டிலே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன பொருளின் உண்மையை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் நமக்கு எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். கவசத்தை இரந்து கேட்டபோது கன்னன் அதை அறுத்துக் கொடுத்தான். அதனால் அவன் புகழ் குறைந்ததா? அதுபோல, நாளைக்கு நல்ல சான்று வந்து, இது கடல் விலங்கே என்று காட்டுமாயின், அந்தக் கவசத்தைக் கழற்றிக் கொடுக்கும் மனம் நமக்கு வேண்டும். இல்லை, இது கவச விலங்கே என்று சான்று காட்டுமாயின், அப்போது மகிழ்வதற்கு நமக்கு முழு உரிமையும் உண்டு. இரண்டுக்கும் எலும்பு இருக்கவேண்டும்.

அவசரமும் ஆகாது. 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, அரியலூருக்கு அடுத்த பெரம்பலூர் மாவட்டத்திலே, குன்னம் என்னும் ஊரில் குளத்தைத் தூர்வாரும்போது உருண்டையான பெருங்கற்கள் பல வெளிப்பட்டன. டைனோசோர் முட்டை, டைனோசோர் முட்டை என்று நாடெங்கும் செய்தி பறந்தது. அறிஞர் வந்து பார்த்து, இவை முட்டை அல்ல. அம்மோனைற்று என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றிச் சேறு இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். கேட்டவர்கள் ஏமாற்றம் அடைந்தார்கள். ஏமாற என்ன இருக்கிறது? பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல் தம் ஊர்க் குளத்தின் அடியிலே கிடக்கிறது என்பது ஒரு முட்டையிலும் சிறிய செய்தியா?

இனி நம் மண்ணுக்கு வருவோம். கோப்பாயிலே கிணறு வெட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செம்மண்ணின் கீழே சுண்ணக்கல். அச்சுண்ணக்கல்லும் கடலின் அடியிலே உண்டானதுதான். ஆனால் அது மயோசீன் என்னும் காலத்தது. அக்காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. டைனோசோர் இனமோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. ஆகவே நம் கிணற்றுக் கல்லிலே டைனோசோர் எலும்பைத் தேடுவது வீண். அரியலூர்ப் பாறைகள் அமைந்த காவிரிப் படுகை பாக்குநீரிணையின் அடியாக நம் வடகரையை நோக்கி நீண்டு வருகிறது என்பது உண்மை. 1970களிலே மன்னாரில் பேசாலையிலே எண்ணெய் தேடி ஆழத் துளையிட்டதும் அப்படுகையை எண்ணியே. ஆனால் அந்த ஆழத்திலே உள்ளவை மண்வெட்டிக்கு எட்டுவன அல்ல.

டைனோசோர் இல்லை என்பதால் நமக்கு வேலை இல்லை என்று எண்ண வேண்டாம். சுண்ணக்கல்லிலே சங்கும் சிப்பியும் பவளமும் பதிந்திருப்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். 1950இல் தொடங்கி 1990 வரை காங்கேசன்துறையிலே சிமெந்துக்காக மலைமலையாகக் கல் அகழ்ந்தார்கள். அக்கல்லோடு சூளைக்குள்ளே போன சுவடுகளுக்குக் கணக்கு இல்லை. அரியலூரிலும் அதே நிலைதான். சுவட்டை வெளியே கொண்டு வருவதும் கல்லுடைப்பே, பொடியாக்குவதும் கல்லுடைப்பே. இரண்டுக்கும் நடுவே ஒருவன் நின்று, சற்றுப் பொறு என்று சொன்னால்தான் அது பிழைக்கும்.

அப்படிச் சொன்னவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். தேசிய அரும்பொருட்சாலைகளின் அதிபராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல அவர்கள், இரத்தினபுரியிலே இரத்தினக்கல் தோண்டும் குழிகளில் வெளிப்பட்ட எலும்புகளைச் சேர்த்து ஆராய்ந்தார். இன்று இலங்கையிலே இல்லாத காண்டாமிருகமும் நீர்யானையும் முன்னொரு காலத்தில் இங்கே வாழ்ந்தன என்பது அதனாலேதான் தெரியவந்தது. இரத்தினம் தேடியவர் எலும்பை எறிந்திருந்தால் அந்த அறிவு நமக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அன்று. கிணறு வெட்டும்போதோ, அத்திவாரம் தோண்டும்போதோ, கல் உடைக்கும்போதோ வழக்கத்துக்கு மாறான ஒன்று கண்ணிலே பட்டால், உடனே பெயர்த்தெடுக்காதீர்கள். கிடந்தபடியே ஒரு படம் எடுங்கள். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், மண்ணா கல்லா, எந்த நாள் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். எடுத்தால் துண்டுகளைக் கலக்காதீர்கள்; ஓரிடத்துப் பொருளை ஒரு பொதியிலே கட்டி, அந்த நான்கு வரியையும் உள்ளே வையுங்கள். பின்பு பல்கலைக்கழகத்துக்கோ அரும்பொருட்சாலைக்கோ அறிவியுங்கள். சங்கத்திலே இதற்கென்று ஒரு கொப்பி வைத்தாலும் நன்று. அதிலே எழுதுபவனுடைய பெயர் எந்தச் சரித்திரத்திலும் வராது போகலாம். கல்கத்தாவிலே அந்த வாலெலும்புக்கு எண் இட்டவனை எவர் அறிவார்? ஆனால் அவன் இட்ட எண்ணே சாட்சி.

அரியலூரின் கவச விலங்கு உண்மையிலே கவசம் பூண்டதோ, அல்லது கடலிலே நீந்தியதோ, அதை இனி வரும் ஆராய்ச்சி சொல்லட்டும். ஆராய்வதற்கு எலும்பு இருக்கிறவரையில் கேள்வியும் உயிரோடு இருக்கும். எலும்பு போனால் எஞ்சுவது வாதம் மாத்திரமே. அந்த எலும்பைக் காக்கின்ற பழக்கம், அது எங்கே கிடைத்தாலும், எவ்வளவு சிறிதாயினும், இவ்வூர் இளைஞரிடத்தே வேரூன்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.